கள்ளியும் கள்ளிமுளையானும்

நாமக்கல் மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் உறுப்பாக ஓங்கி நிற்பது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. தன் அழகால் கண்டாரை மயக்கி அழிக்கும் பாவை ஒன்று அம்மலையில் இருந்ததாகப் பழங்கதை கூறும். புறத்தோற்றத்தை மட்டும் கண்டு நெருங்கியவர் கெட்டனர் என்பது அக்கதையின் கருத்து. பாவையைப் பற்றிய செய்தி கதையாகவே இருக்கலாம். ஆயினும், தோற்றம் ஏமாற்றும் என்னும் உண்மையை அம்மலையடிவாரத்துச் செடிகள் இன்றும் கற்பித்துக்கொண்டே இருக்கின்றன.

அடிவாரத்து ஊராகிய காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து சாலை மேலே செல்கிறது. பயணம் செய்வோர் பலர் ஆகாயகங்கை அருவியையும் அறப்பளீசுவரர் கோயிலையும் கண்டு மகிழ விரைகின்றனர். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்த மேட்டுநிலத்தின் குளிர்ச்சியை அவர்கள் நாடுகின்றனர். ஆதலின், மலை தொடங்கும் இடத்திலுள்ள வறண்ட சரிவுகளை எவரும் நின்று நோக்குவதில்லை. அங்கே பாறைகள் வெளியே தெரியும். மண் மெல்லிதாகப் படிந்திருக்கும். கோடையில் புல் காய்ந்து வைக்கோல் நிறம் கொள்ளும். ஆங்காங்கு முட்புதர்கள் நிற்கும். காண்பவர் அதனைத் தரிசு என்று ஒரு சொல்லில் கூறிக் கடந்துவிடுவர். ஆனால், மழை பெய்தபின் அந்நிலத்தில் குனிந்து பார்ப்பவர்க்கு அது தரிசன்று என்பது விளங்கும்.

அத்தகைய வறண்ட புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும், முட்புதர்களின் அடியிலும் வளரும் ஒரு சிறு செடி கள்ளிமுளையான். தமிழகத்தின் மழை குறைந்த மாவட்டங்கள் பலவற்றிலும் அது காணப்படும். ஒரு முழ உயரமே வளரும் அச்செடிக்கு இலை இல்லை என்றே சொல்லலாம். இலை என்று முளைப்பவை மிகச் சிறியவை. அவையும் விரைவில் உதிர்ந்துவிடும். எஞ்சி நிற்பது சாறு நிறைந்த பசிய தண்டு மட்டுமே. அத்தண்டு நான்கு பட்டைகளை உடையது. அடியில் பருத்து, நுனி நோக்கிச் செல்லச் செல்ல மெலிந்து கூர்மை அடையும். சிற்றூர் மக்கள் அதனைப் பறித்துப் பச்சையாகவும் உண்பர்; புளியும் மிளகாயும் உப்பும் சேர்த்துத் துவையலாகவும் அரைப்பர்.

இச்செடியைப் பற்றி மாணவர் கவனித்து அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே நிலத்தில், அதே வெயிலில், ஏறத்தாழ அதே தோற்றத்துடன் வளர்வது சதுரக்கள்ளி. அதன் இளங்கிளையும் பசுமையானதே. அதற்கும் பட்டைகள் உண்டு. அதன் இலைகளும் சிறியனவாய் முளைத்து உதிர்ந்துவிடுகின்றன. ஆனால், அதனை ஒடித்தால் ஒழுகும் வெண்ணிறப் பால் தோலில் பட்டால் கொப்புளம் உண்டாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு நேரும். உள்ளே சென்றால் வாயும் குடலும் புண்படும். ஒன்று உணவு; மற்றொன்று நஞ்சு. இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. பெயரிலும் ஒன்றன் நிழல் மற்றொன்றன்மேல் விழுகிறது. கள்ளிமுளையான் என்னும் பெயரைக் கேட்பவர்க்கு, கள்ளியின் முளை என்றே எண்ணத் தோன்றும். ஆகவே, இன்ன செடி இது என்று பிரித்து அறிதல் இங்கே பொழுதுபோக்கன்று. உடல் நலத்தைக் காக்கும் அறிவாகும்.

கள்ளி என்னும் சொல் தமிழில் பல செடிகளைக் குறிக்கும். சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி என்பன ஆமணக்கு சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவை. வேலியோரங்களில் தட்டைத் தட்டையான தண்டுகளுடன் நிற்கும் சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தது. அது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. கள்ளிமுளையான் இவ்விரண்டிலும் சேராது. அது எருக்கின் உறவு. மூன்று வேறு குடும்பங்களில் பிறந்த செடிகள் எவ்வாறு ஒரே சாயலைப் பெற்றன என்று மாணவர் வினவலாம். அதற்கு விடை, அவை வாழும் நிலத்தில் உள்ளது.

மழை சிலகாலமே பெய்யும் நிலத்தில், கிடைத்த நீரை இழவாமல் காப்பதே செடியின் முதற்கடமை. அகன்ற இலை இருந்தால் அதன் வழியே நீர் ஆவியாகும். ஆதலின் இலை சுருங்கிற்று அல்லது மறைந்தது. இலை செய்யவேண்டிய வேலையைத் தண்டே மேற்கொண்டதால் தண்டு பச்சை நிறம் பெற்றது. நீரைச் சேமித்து வைக்க வேண்டியிருந்ததால் அது பருத்தது. இச்செடிகள் பகலில் தம் மேற்பரப்பிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொண்டு, வெப்பம் தணிந்த இரவில் அவற்றைத் திறந்து கரியமிலவாயுவை உட்கொள்கின்றன. மறுநாள் வெயிலொளியில் அதனைக்கொண்டு உணவு சமைக்கின்றன. வேறு வேறு குடியிற் பிறந்தோர் ஒரே தொழிலை மேற்கொள்ளும்போது ஒரே வகை உடை உடுத்தல் போன்றது இது. உடையைக் கண்டு குடியை அறிய இயலாது. அதுபோல, தண்டின் வடிவைக் கண்டு செடியின் குடும்பத்தை உறுதி செய்ய இயலாது.

அங்ஙனமாயின் பாலைக் கொண்டு அறியலாமே என்று சிலர் கருதக்கூடும். எருக்குக் குடும்பத்தைப் பால் தரும் செடிகளின் குடும்பம் என்றே பலரும் அறிந்திருக்கின்றனர். எருக்கிலையைக் கிள்ளினால் வெண்பால் சொட்டும், வேலிப்பருத்தியிலும் அவ்வாறே. ஆனால், பால் என்பது அக்குடும்பத்திற்கு மட்டும் உரிய உடைமையன்று. ஆலிலும் அத்தியிலும் பால் உண்டு, அரளியிலும் உண்டு, கள்ளியிலும் உண்டு. மறுபுறம், எருக்குக் குடும்பத்தில் பிறந்த கள்ளிமுளையானை ஒடித்தால் வருவது தெளிந்த நீர் போன்ற சாறே, வெண்பால் அன்று. பாலுள்ள கள்ளி பால்செடிக் குடும்பத்தில் இல்லை. அக்குடும்பத்தில் உள்ள கள்ளிமுளையானிடம் பால் இல்லை. ஓர் அடையாளத்தை மட்டும் நம்பித் துணிபவர் இரண்டு பக்கமும் பிழை செய்வர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உண்மையான அடையாளம் பூவில் இருக்கிறது. தண்டும் இலையும் நிலத்திற்கும் வெயிலுக்கும் ஏற்ப மாறும். பூவின் அமைப்போ தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தின் முத்திரையைக் காத்து வருகிறது. அம்முத்திரையை முதலில் எருக்கம்பூவில் கற்பது எளிது. ஏனெனில், அப்பூ பெரியது, ஊர்தோறும் கிடைப்பது, ஆண்டு முழுவதும் பூப்பது.

எருக்கம்பூ ஒன்றை எடுத்து நோக்கினால், ஐந்து இதழ்கள் விரிந்திருப்பதும், அவற்றின் நடுவே ஒரு மணிமுடி போன்ற உறுப்பு எழுந்து நிற்பதும் புலனாகும். மற்றப் பூக்களில் மகரந்தத் தாள்கள் தனித்தனியே நிற்பதையும் நடுவில் சூலகம் நிற்பதையும் மாணவர் கண்டிருப்பர். எருக்கில் அவ்வாறன்று. ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றாய் இணைந்து ஐந்து பக்கமுள்ள ஒரு தூணாகி நிற்கின்றன. அத்தூணின் உச்சி ஐங்கோண வடிவில் தட்டையாக இருக்கும். பக்கங்களில் செங்குத்தான ஐந்து பிளவுகள் உண்டு. ஒவ்வொரு பிளவின் மேல்முனையிலும் கரிய புள்ளி போன்ற சிறு பிடிப்பு ஒன்று காணப்படும்.

இனி, மெல்லிய ஊசி ஒன்றை அப்பிளவில் செலுத்தி மெதுவாக மேல்நோக்கி இழுத்தால், அந்தக் கரும்புள்ளி ஊசியில் பற்றிக்கொண்டு வெளியே வரும். அது தனியே வருவதில்லை. அதன் இருபுறமும் மஞ்சள் நிறமுள்ள இரண்டு சிறு பைகள் தொங்கும். காவடித் தண்டின் இருமுனையிலும் தொங்கும் கலயங்களைப் போன்றவை அவை. அப்பைகளில் மகரந்தத் துகள்கள் தூளாக உதிராமல், மெழுகால் ஒட்டியன போல ஒன்றாகத் திரண்டுள்ளன. இதனை மகரந்தத் திரள் என்பர். பூக்கும் செடிகள் இலட்சக்கணக்கில் உலகில் இருப்பினும், இத்தகைய திரள்கள் எருக்கின் இனத்திலும் ஆர்க்கிட் என்னும் குடும்பத்திலுமே காணப்படுகின்றன. இச்சோதனையைச் செய்பவர் எருக்கம்பால் கண்ணில் படாதவாறு காத்துக்கொள்ள வேண்டும். செய்து முடித்ததும் கைகளை நன்கு கழுவ வேண்டும். ஏனெனில் அப்பாலும் கண்ணுக்குத் தீங்கு செய்வதே.

மாணவர் ஊசியால் செய்வதை வயல்வெளியில் வண்டு தன் காலால் செய்கிறது. தேனை நாடி எருக்கம்பூவின்மேல் அமரும் கருந்தச்சுத் தேனீயின் கால் பிளவில் வழுக்கி நுழைகிறது. காலை அது இழுக்கும்போது கரும்பிடிப்பு பற்றிக்கொள்ள, காவடி போன்ற இரு பைகளையும் அது சுமந்து செல்கிறது. அடுத்த பூவில் அமரும்போது அப்பைகளுள் ஒன்று அப்பூவின் பிளவில் சிக்கித் தங்கிவிடுகிறது. பொடியாகத் தூவினால் காற்றிலும் மண்ணிலும் வீணாகும் மகரந்தம், இம்முறையில் முழுப் பையாக உரிய இடத்திற் சேர்கிறது. வலுவற்ற சிறு பூச்சிகள் சில வேளைகளில் காலை மீட்க இயலாமல் அப்பிளவிலேயே சிக்கிக்கொள்வதும் உண்டு.

பூவின் முத்திரையை அறிந்தபின் கனியின் முத்திரையை அறிதல் வேண்டும். எருக்கின் காய் முற்றியதும் ஒரு பக்கத்தில் மட்டும் நீளவாக்கில் வெடிக்கும். உள்ளே ஓடு அடுக்கியது போலத் தட்டையான விதைகள் இருக்கும். ஒவ்வொரு விதையின் தலையிலும் வெண்பட்டுக் குஞ்சம் ஒன்று உண்டு. காற்று வீசியவுடன் விதைகள் அக்குஞ்சத்தை விரித்துப் பறந்து செல்லும். சதுரக்கள்ளியிலோ கனி மூன்று அறைகளாய்ப் பிரிந்து நிற்கும். விதைக்குக் குஞ்சம் இல்லை. கள்ளியின் பூவும் வேறு வகையது. இதழ் என்று கருதத்தக்கது அதற்கு இல்லை. ஒரு சிறு கிண்ணத்தின் நடுவே பெண்பூ ஒன்றும், அதனைச் சுற்றி ஆண்பூக்கள் பலவும் நிற்க, அக்கிண்ணம் முழுவதும் ஒரே பூவைப் போலத் தோற்றம் தரும்.

இந்த அறிவுடன் கொல்லிமலைப் பக்கம் மீண்டும் செல்பவர்க்கு, முன்பு வெறும் புதராகத் தோன்றிய இடம் ஓர் உறவினர் கூட்டமாகத் தோன்றும். வேலியில் படர்ந்து முள்போன்ற மென்புடைப்புகளுள்ள காய்களை இரட்டை இரட்டையாகத் தாங்கி நிற்பது வேலிப்பருத்தி. அதன் விதைப் பஞ்சே அதற்குப் பெயர் தந்தது. தரையோடு படர்ந்து, நடுநரம்பையொட்டி வெண்மை படர்ந்த இலைகளுடன் இருப்பது நன்னாரி. அதன் வேரின் நறுமணமே அதற்குச் சான்று. அவ்வேரைப் போலத் தோன்றும் வேறு கொடிகளின் வேர்களும் சந்தையில் கலந்து வருவதுண்டு. முகர்ந்து அறியாதவர் ஏமாறுவர். மரங்களைப் பற்றி ஏறுவது சிறுகுறிஞ்சான். அதன் இலையை மென்றபின் சர்க்கரையை நாவில் வைத்தால் இனிப்புத் தோன்றாது. அதனால் அதற்குச் சர்க்கரைக்கொல்லி என்னும் பெயரும் உண்டு. இவை எல்லாம் எருக்கின் சுற்றத்தவை.

தமிழக மலைப்பகுதிகளில், ஈரமான வழியோரங்களில் செந்நிற இதழும் மஞ்சள் முடியும் கொண்ட அழகிய பூச்செடி ஒன்று காணப்படும். அதன் பூவிலும் எருக்கின் முத்திரை தெளிவாக உண்டு. ஆயினும், அஃது இந்நாட்டுச் செடியன்று. அமெரிக்காவின் வெப்பநாடுகளிலிருந்து தோட்ட அழகுக்காகக் கொண்டுவரப்பட்டுப் பின்னர்க் காடுகளிலும் பரவியது. ஒரு செடி இன்ன குடும்பத்தது என்று அறிவது ஒரு படி. அது மண்ணின் செடியா, வந்தேறிய செடியா என்று அறிவது அடுத்த படி. முதற்படியைப் பூ கற்பிக்கும். இரண்டாம் படியை, அச்செடியின் வரலாறே கற்பிக்கும்.

இனிக் கள்ளிமுளையானை முறைப்படி அறியலாம். முதலில், தண்டில் முள் உண்டா என்று பார்க்க வேண்டும். சதுரக்கள்ளியின் பட்டைகளில் முட்கள் இரண்டிரண்டாக அமைந்திருக்கும். கள்ளிமுளையானின் பட்டைகளில் சிறு பல் போன்ற புடைப்புகள் உண்டேயன்றி முள் இல்லை. அடுத்து, பூவைத் தேட வேண்டும். மெலிந்து செல்லும் தண்டின் மேற்பகுதியில், ஒன்றோ இரண்டோ ஆக அமைந்த சிறு பூக்கள் காணப்படும். ஐந்து இதழ்களும் மஞ்சளும் கருஞ்சிவப்பும் கலந்தவை; விளிம்புகளில் மெல்லிய மயிர்கள் காற்றில் அசையும். நடுவில், எருக்கில் கண்ட அதே முடி, அதே தூண், அதே ஐந்து பிளவுகள் சிறிய அளவில் அமைந்திருக்கும். கைக்கண்ணாடி ஒன்று இருந்தால் அவற்றைத் தெளிவாகக் காணலாம். இப்பூவை நாடி வருபவை பெரும்பாலும் ஈக்களே. பூ முதிர்ந்தபின், மெல்லிய நீண்ட காய்கள் கொம்புகளைப் போல இரட்டையாக நிமிரும். வெடித்தால் பட்டுக் குஞ்சமுள்ள விதைகள் பறக்கும். முள்ளின்மை, தெளிந்த சாறு, ஐந்திதழ்ப் பூவின் நடுமுடி, இரட்டைக் காய், குஞ்சவிதை ஆகிய ஐந்தும் ஒருங்கே பொருந்தினால் ஐயம் நீங்கும். ஒன்று பொருந்தி மற்றொன்று பொருந்தாதவிடத்து ஐயம் எஞ்சி நிற்கும். ஐயம் எஞ்சியவிடத்து அச்செடியை வாயில் வைத்தல் தகாது.

பூவில்லாத காலத்திலும் சிற்றூர் மூதாட்டியர் கள்ளிமுளையானைப் பிழையின்றிப் பறிக்கின்றனர். அஃது எவ்வாறு என்று வியக்கலாம். அவர்கள் ஒரே செடியை எல்லாப் பருவங்களிலும் பல்லாண்டுகள் கண்டு பழகியவர்கள். மழைக்குப்பின் அது எப்புதரின் அடியில் முளைக்கும், எந்நிறத்தில் இளந்தண்டு தோன்றும், விரலுக்கு எவ்வாறு படும் என்பன அனைத்தும் அவர்தம் நினைவில் பதிந்துள்ளன. நூல் கற்றவன் பூவைக் கண்டு சில நொடிகளில் கூறுவதை, அவர்கள் பழக்கத்தால் பூவின்றியே கூறுவர். இவ்விரு அறிவும் ஒன்றையொன்று இகழத்தக்கன அல்ல, ஒன்றற்கொன்று துணையாவன.

அத்துணையின் பயனை இச்செடியின் வரலாறே காட்டுகிறது. வில்லியம் இராக்சுபர்க்கு என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் 1776ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியேற்றார். பின்னர், ஆந்திர நாட்டுச் சாமல்கோட்டையில் வாழ்ந்து, கிழக்குக் கடற்கரைப் பகுதியின் செடிகளை ஆராய்ந்தார். செடிகளைக் கண்டு எழுதியவர் அவர். அவற்றை வண்ணத்தில் வரைந்தவர்கள் இந்நாட்டு ஓவியர்கள். அவ்வோவியர்களின் பெயர்கள் பெரும்பாலும் நூலேறவில்லை. ஆயினும் அவர்கள் கையின் நுட்பம் இன்றும் அறிஞர்க்குப் பயன்படுகிறது. சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றிய அவருடைய பெருநூலின் முதல் தொகுதி 1795ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவரத் தொடங்கியது. அதில் கள்ளிமுளையானும் இடம்பெற்றது. தெலுங்கு பேசும் மக்கள் அதனைக் காரல்லம் என்று வழங்குவதையும் அவர் குறித்து வைத்தார்.

பின்னர், இராபர்ட்டு பிரௌன் என்னும் தாவரவியலறிஞர், எருக்கு முதலிய செடிகளை அரளிக் குடும்பத்திலிருந்து பிரித்து 1810ஆம் ஆண்டளவில் தனிக்குடும்பமாக வகுத்தார். பிரித்தற்கு அவர் கொண்ட காரணம், மேலே கண்ட மகரந்தத் திரளே. அப்போது கள்ளிமுளையானுக்கு ஒரு தனிப்பேரினத்தை அமைத்து, அதற்குக் காரல்லுமா என்று பெயரிட்டார். வறண்ட நிலத்தில் அச்செடியைப் பறித்து உண்ட மக்களின் வாய்ச்சொல்லே உலகத் தாவரவியலின் சொல்லாயிற்று.

பிரௌனின் ஆராய்ச்சி அத்துடன் நிற்கவில்லை. ஆர்க்கிட் பூக்களிலும் எருக்கின் இனப் பூக்களிலும் மகரந்தம் எவ்வாறு சூலைச் சேர்கிறது என்று அவர் நுண்பெருக்கியால் ஆராய்ந்து, 1831ஆம் ஆண்டில் இலண்டன் லின்னேயன் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். அவ்வாராய்ச்சியின்போது, செடியின் உயிரணுக்கள் ஒவ்வொன்றினுள்ளும் உருண்டையான ஓர் உறுப்பு இருப்பதை உற்று நோக்கி, அதற்கு நியூக்கிளியஸ் என்று பெயரிட்டார். இன்று உயிரியல் கற்கும் மாணவர் அனைவரும் உட்கரு என்று படிப்பது அதனையே. சிறு பூ ஒன்றைப் பொறுமையுடன் பார்த்த கண்ணுக்கு, உயிரின் உள்ளறையே திறந்தது எனலாம்.

அறிவு வளர வளரக் குடும்பப் பிரிவுகளும் மாறுகின்றன. மரபணு ஆராய்ச்சியின் துணையால், 1998ஆம் ஆண்டு வெளிவந்த புதிய வகைப்பாட்டில் எருக்குக் குடும்பம் மீண்டும் அரளிக் குடும்பத்துடன் இணைக்கப்பட்டது. இன்று அஃது அப்பெருங்குடும்பத்தின் ஓர் உட்பிரிவாகக் கருதப்படுகிறது. பிரௌன் பிரித்ததை அறிஞர் மீண்டும் சேர்த்தனர். ஆயினும், அவர் கண்ட மகரந்தத் திரள் பொய்யாகவில்லை. ஏடுகளில் பெயர் மாறலாம். செடியில் கண்ட அடையாளம் மாறுவதில்லை.

கள்ளிமுளையானைக் காக்கும் கடமையும் அதனை அறிவதிலிருந்தே பிறக்கிறது. பஞ்ச காலங்களில் மக்களின் பசியைத் தணித்த செடிகளுள் இதுவும் ஒன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில், கொல்லிமலை அன்று அடங்கியிருந்த சேலம் மாவட்டமும் கடுமையாகத் துன்புற்றது. களஞ்சியம் வெறுமையான அத்தகைய காலங்களில், எது உண்ணத்தக்கது, எது தகாதது என்று பிரித்தறிந்த கண்ணே குடும்பத்தைக் காத்திருக்கும். இக்காலத்திலோ செடிக்கு வேறு வகையில் பசி வந்துள்ளது. பசியை அடக்கி உடலை இளைக்கச் செய்யும் மருந்து என்னும் பெயரில், கள்ளிமுளையானின் சத்து, இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அயல்நாடுகளில் விற்கப்படுகிறது. பசித்தவன் பசி நீக்கிய செடி, உண்டு பெருத்தவன் பசியை அடக்கச் சென்றது விந்தையே. வேண்டுவோர் மிகுந்தால் வேரோடு பறிப்பவரும் மிகுவர். நுனித்தண்டைக் கிள்ளி எடுத்தால் அடி மீண்டும் தழைக்கும்; வேரைப் பிடுங்கினால் அவ்விடம் வெறுமையாகும்.

அதனினும் பெரிய கேடு, தரிசு என்னும் சொல்லால் வருவது. மரமில்லாத இடம் பயனற்ற இடம் என்று கருதி, வறண்ட புல்வெளிகளைக் கிளறி வேறு நாட்டு மரங்களை நடுதலும், கல்லுக்காக உடைத்தலும், குப்பை கொட்டுதலும் பல இடங்களில் நிகழ்கின்றன. அங்கு என்ன வாழ்ந்தது என்று அறிந்தவர் இல்லாதபோது, என்ன அழிந்தது என்று வருந்துபவரும் இல்லாது போவர். முழ உயரச் செடியாகிய கள்ளிமுளையான், தனக்காக வாதாட எழுந்து நிற்கும் பெருமரமன்று. அதன் பெயரை அறிந்த மாணவரே அதற்காகப் பேசவேண்டும்.

எனவே, கொல்லிமலைக்குச் செல்லும் மாணவர் அருவியையும் கோயிலையும் காணட்டும். ஓரியின் வில்லையும் நினைக்கட்டும். அதற்குமுன், அடிவாரத்தில் ஒரு நாழிகை நின்று, காய்ந்த புல்லுக்கிடையே குனிந்து பார்க்கட்டும். பறிக்க வேண்டுவதில்லை, சுவைக்க வேண்டுவதுமில்லை. முள் உண்டா, பூ எத்தகையது, நடுவில் முடி உண்டா, காய் இரட்டையா என்று ஒவ்வொன்றாகக் கண்டு குறித்துக்கொள்ளட்டும். ஊர் மூதாட்டியிடம் அதன் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். தோற்றத்தைக் கண்டு துணிபவர், கள்ளியையும் கள்ளிமுளையானையும் ஒன்றாகவே கருதுவர். பூவரை சென்று நோக்குபவர், நஞ்சையும் உணவையும் பிரித்தறிவர். செடிகளிடத்துப் பழகிய அந்தப் பொறுமை, வாழ்க்கையில் பிறவற்றை அறியும்போதும் அவர்க்குத் துணை நிற்கும்.